பிள்ளைப் பேற்றுக்குப் பணமா, பிறந்த பிள்ளைக்குப் பணமா?

கயல், மேடவாக்கம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயது, ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நானும் கணவரும் பழைய மாமல்லபுரம் சாலையில் வெவ்வேறு நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். "இவளுக்கு ஒரு துணை வேண்டாமா?" என்று மாமியார் கேட்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, அவரையாவது சமாளித்துவிடலாம், இப்போது மேடையில் நிற்பவர்களும் அதையே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 அக்டோபரில் சென்னையில் 31 இணையருக்கு நடந்த திருமண விழாவில், மக்கள்தொகைக்கேற்ப நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும் தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்ற பொருளில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேசினார். அதே மாதத்தில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவும் கூடுதல் குழந்தைகள் வேண்டும் என்றார். "பதினாறும் பெற்று" என்பதில் உள்ள பதினாறு பிள்ளைகளைக் குறிப்பதல்ல, பேறுகளைக் குறிப்பது என்று என் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மகளைப் பள்ளி முடிந்ததும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறோம். மாலை ஆறரைக்கு மூடுவார்கள். சென்ற வாரம் பெய்த மழையில் சோழிங்கநல்லூர் சந்திப்பைக் கடந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி 7.20. கதவருகே காலணியும் அணிந்து, பையும் மாட்டிக்கொண்டு மகள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே, தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகவேண்டிய ஆயாவும் உட்கார்ந்திருந்தார். இருவரில் யாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். குழந்தை பெற்றால் பணம் என்று அறிவித்த நாடுகளில் உண்மையிலேயே பிறப்பு கூடியிருக்கிறதா? குடும்பக் கொள்கை என்று சொல்லத்தக்க ஒன்று நம் மாநிலத்துக்கு இருக்கிறதா? இல்லாத இரண்டாவது குழந்தைக்குச் செலவிடுவதாகச் சொல்லும் பணத்தை, பிறந்துவிட்ட குழந்தைகளின் படிப்புக்கும் உடல்நலத்துக்கும் செலவிட்டால் மாநிலத்துக்கு நட்டமா?

பணி ஓய்வு பெற்ற செவிலியர், வியாசர்பாடி

அம்மா கயல், உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் விடை சொல்ல முடியும், ஏனென்றால் அந்தக் கொள்கையைக் கையில் பதிவேட்டோடு வீடு வீடாகச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி.

1983இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் துணை சுகாதார நிலையம் ஒன்றில் பணியில் சேர்ந்தேன். "தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு" என்று நீளமான ஒரு நோட்டு உண்டு. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, ஆபரேஷன் ஆயிற்றா என்று அதில் எழுதி வைத்திருப்போம். மாதக் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் அந்த நோட்டைத் திறந்து, இந்த மாதம் எத்தனை கேஸ் என்று கேட்கும்போது, இலக்கை எட்டாதவர்கள் தலை குனிந்து நிற்க வேண்டும். சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்". 1996இல் அந்த இலக்கு முறையை நாடு முழுவதும் கைவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்தது எங்கள் இலக்கால்தான் என்று பலர் எழுதுகிறார்கள், அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் அனுபவம். ஒரு வீட்டில் மாமியார் ஆறு பெற்று இரண்டைப் பறிகொடுத்தவர். அவருடைய மருமகள் இரண்டு பெற்றதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எப்போது கேம்ப், சொல்லுங்கள்" என்று கேட்டாள். இடையில் நடந்தது என்னவென்றால், பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்த இந்த மாநிலத்தில் 2020இல் அந்த எண்ணிக்கை 13. தடுப்பூசியும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், பெண் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரையாவது விட்டுவைத்ததும் செய்த வேலை அது. பாரத்தை மட்டும் பெண்கள் தலையில் ஏற்றினோம்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்; ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேடையில் "கூடுதலாகப் பெறுங்கள்" என்று சொல்லும் அதே அரசின் திட்டங்கள் சில இன்னும் இரண்டோடு நிற்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் கிடைப்பது முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். 1992இல் தொடங்கிய பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை கிடைக்க வேண்டுமானால், பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்கான சான்றிதழை இணைக்க வேண்டும். பெண் சிசுவைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட திட்டம் என்பதால் அந்த நிபந்தனையின் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கை தொட்டிலை ஆட்டக் கூப்பிடும்போது மறு கை அந்தச் சான்றிதழைக் கேட்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எண்கணக்கன்

ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். செவிலியர் அம்மா சொன்னதைத் தொட்டுத் தொடர்கிறேன்.

முதலில் நம் நிலை. மொத்தக் கருவள விகிதம் என்பது, இன்றைய வயதுவாரிப் பிறப்பு வீதங்கள் அப்படியே நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவாள் என்ற கணக்கு. மக்கள்தொகை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கு 1.8 என்கிறது, பிறப்பு இறப்புகளை ஆண்டுதோறும் திரட்டும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையோ 2020க்கு 1.4 என்றும் 2023க்கு 1.3 என்றும் சொல்கிறது. இரண்டும் சேகரிக்கும் முறை வேறு என்பதால் எண்ணும் வேறுபடுகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் ஈடுசெய்யும் அளவுக்குக் கீழேதான் இருக்கிறோம், அதுவும் நேற்று இன்று வந்த நிலையல்ல.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர் சிங்கப்பூர். 1970களில் "இரண்டோடு நிறுத்துங்கள்" என்று பிரசாரம் செய்த அரசு, 1987இல் "முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்" என்று முழக்கத்தையே தலைகீழாக மாற்றியது. 2001இல் பிறக்கும் குழந்தைக்கு ரொக்கம் தரும் திட்டமும் வந்தது. அப்போது 1.4 ஆக இருந்த விகிதம் 2023இல் 0.97. தென்கொரியா இதைவிடத் தாராளமாகச் செலவிட்டும் 2023இல் 0.72ஐத் தொட்டது, அடுத்த ஆண்டு 0.75 வந்ததற்கே அங்கே கொண்டாடினார்கள்.

ஹங்கேரி கொஞ்சம் யோசிக்கவைக்கும் நாடு. நான்கு பிள்ளை பெற்ற தாய்க்கு 2020 முதல் வருமான வரியே இல்லை. பிள்ளை பெறப் போவதாக உறுதியளிக்கும் தம்பதிக்கு, 2019இல் தொடங்கியபோது ஒரு கோடி ஃபோரிண்ட் (அந்நாட்டு நாணயம்) வரை கடன், மூன்றாவது பிள்ளை பிறந்தால் அது தள்ளுபடி. 2011இல் 1.23 ஆக இருந்த விகிதம் 2021 வாக்கில் 1.6 வரை ஏறியபோது "பார்த்தீர்களா" என்றவர்கள் பலர். 2024இல் அது மறுபடியும் 1.4க்குக் கீழே வந்துவிட்டது. எப்படியும் பெற்றுக்கொள்ளவிருந்தவர்களில் ஒரு பகுதியினர் சலுகைக்காக இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே பெற்றுக்கொள்கிறார்கள்; அந்தச் சில ஆண்டுகளுக்கு எண் உயர்ந்து, பிறகு பள்ளம் விழுகிறது. தீபாவளித் தள்ளுபடியில் துணிக்கடைக் கூட்டம் மாதிரிதான். ஐப்பசியில் வாங்கியவர் கார்த்திகையில் வரமாட்டார். பணம் பிறப்பின் காலத்தை நகர்த்தும். எண்ணிக்கையை மாற்றுவது மிகச் சிறிய அளவில்தான்.

மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். 1966இல் ருமேனியாவில் கருக்கலைப்பை ஏறத்தாழ முழுவதுமாகத் தடை செய்தார்கள். மறு ஆண்டே விகிதம் 1.9இலிருந்து 3.7க்குத் தாவியது, பிறகு ஆண்டுக்காண்டு இறங்கியது. இறங்காமல் நின்றது கள்ளத்தனமாகக் கருக்கலைக்கப் போய் உயிரிழந்த பெண்களின் எண்ணிக்கை. இதை ஒரு குடும்பக் கொள்கை என்று எண்ணுவதற்கே எனக்கு மனம் வரவில்லை.

ஆக, மிச்சம் இருப்பது உங்கள் மூன்றாவது கேள்வி. பொருளியலில் இதற்கு அடித்தளம் இட்டவர் 1992இல் நோபல் பெற்ற கேரி பெக்கர். வருமானமும் தாயின் ஊதியமும் உயரும்போது பெற்றோர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் செலவிடுவதைக் கூட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். படிப்பிலும் உடல்நலத்திலும் இப்படிப் போடும் முதலீட்டை மனித மூலதனம் என்பார்கள். ஜவுளிக்கடை ஊழியரும் சம்பளத்தில் கால் பங்கைத் தனியார் பள்ளிக்குக் கட்டும் சென்னையில் இதை நிரூபிக்கப் புத்தகம் தேவையில்லை. எங்கே செலவிட்டால் பலன் அதிகம் என்பதற்கு பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகனில் 1960களில் நடந்த பெர்ரி முன்பருவப் பள்ளிச் சோதனை. 123 ஏழைக் குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும் மூன்று, நான்கு வயதில் நல்ல முன்பருவக் கல்வி கொடுத்து, நாற்பது வயது வரை இரு பிரிவினரையும் பின்தொடர்ந்தார்கள். அந்த 58 பேரின் பிரிவு படிப்பிலும் வருமானத்திலும் முன்னே இருந்தது, சிறைக்குப் போனவர்களும் அதில் குறைவு. மாதிரி சிறியது என்ற குறை எனக்கும் உண்டு, ஆனால் செலவிட வேண்டிய வயது ஐந்துக்கு முன்பு என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலரில் குழந்தைக் காப்பகம் என்று அறிவித்தது. தாய்மார் வேலைக்குப் போவது கணிசமாகக் கூடியது. இடங்களை அவசரமாகப் பெருக்கியதால் தரம் ஒரே சீராக இல்லை என்பதும், சில குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடின என்பதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. கயல், உங்களுக்குக் குறைவது பணமா நேரமா என்று பார்த்தால், நீங்கள் எழுதியதில் ஐம்பது நிமிடம்தான் எனக்குத் தெரிகிறது. நம் சட்டம் அந்த ஐம்பது நிமிடத்தை முதலாளி தலையில் வைக்கிறது. 2017 திருத்தத்தில் வந்த 26 வார ஊதிய மகப்பேறு விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் காப்பக வசதி, இரண்டும் நிறுவனத்தின் செலவு. தொழிலாளர் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணின் விடுப்பு ஊதியத்துக்கு அரசு ஒரு ரூபாய் தருவதில்லை. முப்பது வயதுப் பெண் நேர்காணலுக்கு வந்தால் மேலாளரின் மனத்தில் என்ன கணக்கு ஓடும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

நங்கநல்லூர் வாசி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் எதிர்ப்பக்கம் ஒருவர் இருக்கட்டும். எனக்கு 71 வயது, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன்.

1994இல் என் தந்தை பக்கவாதத்தில் படுத்தபோது நாங்கள் ஐந்து பேர். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் முறை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தோம்: திங்கள் பெரியவர், செவ்வாய் அக்கா, இரவுக்கு நான். பதினான்கு மாதம் யாரும் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டோம். எனக்கு இருப்பது ஒரே மகன். பொறியியல் படிக்கவைத்தேன், மேற்படிப்புக்கு அனுப்பினேன், இப்போது டொராண்டோவில் இருக்கிறான். கூடத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறான். நான் மாத்திரை சாப்பிட மறந்தால் அங்கிருந்து அழைத்து நினைவூட்டுகிறான். அன்பில் குறையில்லை. ஆனால் எண்கணக்கன் ஐயா சொல்லும் மனித மூலதனத்தில் என் பங்கை நான் முழுதாகப் போட்டேன், பலன் வேறு நாட்டுக் கணக்கில் வரவாகிறது.

2036இல் தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருப்பார்கள் என்று மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவே கணித்திருக்கிறது. தூக்கிவிட யார் வருவார்கள்? 1976இல் உறைந்த தொகுதிக் கணக்கும் விரைவில் உருகப் போகிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனையாக இடங்களை இழந்தால், "தரமாக வளர்த்தோம்" என்று சொல்லி நாடாளுமன்றத்தில் நிற்க முடியுமா?

எண்கணக்கன்

ஐயா, உங்கள் தந்தையையும் மகனையும் பற்றி எழுதிய பத்திக்கு என்னிடம் மறுப்பில்லை. என் தாயாரை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம், இரண்டு பேருக்கே மூச்சு முட்டுகிறது. ஆனால் இன்று பிறக்கும் குழந்தை 2036இல் எட்டாம் வகுப்பைக்கூடத் தாண்டியிருக்காது. அந்த ஆண்டின் முதியவரைத் தூக்கிவிட வேண்டியவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள்தான். அவர்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்ற செவிலியராக, இயன்முறை சிகிச்சையாளராக இருப்பார்கள் என்பதை மட்டுமே இனி நம்மால் மாற்ற முடியும்.

தொகுதிக் கணக்கு பற்றி எளிய பெருக்கல் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7.21 கோடி, உத்தரப் பிரதேசம் 19.98 கோடி. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அதை இன்றே இருமடங்காக்கினாலும் பத்தாண்டில் கூடுவது ஒரு கோடிக்கும் குறைவு. அந்த இடைவெளியைத் தொட்டிலால் நிரப்ப முடியாது. அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் சரிசெய்ய முடியும். மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தரும் 15ஆவது நிதிக்குழு, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்காக 12.5 விழுக்காடு மதிப்பெண்ணைத் தனியே ஒதுக்கியதைப் போல ஒரு ஏற்பாட்டை நாடாளுமன்ற இடங்களுக்கும் கேட்பது நியாயம். அதற்காகக் கயலைப் பிரசவ அறைக்கு அனுப்புவது நியாயமில்லை.

அங்கன்வாடிப் பணியாளர், தென்சென்னை

பதினேழு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். ஐந்து வயதுக்கு முன்பு செலவிட வேண்டும் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. அந்த வயதுப் பிள்ளைகள்தான் எங்கள் மையத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாநிலம் முழுவதும் எங்களைப் போல் ஏறத்தாழ 54,000 மையங்கள் உண்டு. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் உணவு போட்டார்கள் என்றும், அங்கிருந்து காமராசர், எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம் என்று ஒரே கோடாக வந்தது என்றும் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். தமிழ்நாட்டின் குடும்பக் கொள்கை எது என்று என்னைக் கேட்டால், அந்தச் சோற்றுத் தட்டைத்தான் காட்டுவேன்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். என் மையத்தில் இந்த ஆண்டு 22 பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேரின் பெற்றோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஜூன் மாதம் வந்தபோது தண்ணீர் என்று கேட்கத் தெரியாத ஒரு பெண் குழந்தை, பொங்கலுக்குள் "நிலா நிலா ஓடி வா" பாடி, மற்ற பிள்ளைகள் வரி மறந்தால் திருத்தவும் தொடங்கிவிட்டது. அதன் அம்மாவிடம் ஆதாரில் இருப்பது ஊர் விலாசம், கையில் தாய் சேய் நல அட்டை இல்லை, தடுப்பூசி எத்தனை போட்டது என்றும் தெரியவில்லை. பிள்ளை குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள், வந்து சேர்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களா? பெற்றோருக்கு வேலை முடிந்தால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள், நானும் பெயரை அடித்துவிடுவேன். அடுத்த மையத்தில் சேர்த்தார்களா என்பது என் பதிவேட்டில் வராது.

நங்கநல்லூர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். இருபது ஆண்டு கழித்து உங்களைப் போன்றவர்களைத் தூக்கிவிடப் போவது இந்தப் பெண்ணாகவும் இருக்கலாம்.

கயல், மேடவாக்கம்

அனைவருக்கும் நன்றி. மாமியாரிடம் ஹங்கேரியைப் பற்றிச் சொன்னேன். "அந்த ஊரில் மாமியார் இல்லை போலிருக்கிறது" என்றார். இரண்டாவது குழந்தையைப் பற்றி நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, அதை இங்கே முடிவு செய்யவும் போவதில்லை.

அங்கன்வாடி அக்காவிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தெருவிலும் ஒரு மையம் இருக்கிறது. மாலையில் எப்போது கடந்தாலும் பூட்டியிருக்கும். சொந்தக் கட்டடம், விளக்கு, கழிப்பறை எல்லாம் உண்டு. அதை இரவு ஏழு மணி வரை திறந்து வைக்க வேண்டுமானால் உண்மையில் என்ன தேவைப்படும்?

அங்கன்வாடிப் பணியாளர், தென்சென்னை

நாங்கள் மாலை மூன்றரைக்கெல்லாம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பிறகு பதிவேடும் கைப்பேசிச் செயலியும் முடித்துவிட்டுப் பூட்டுகிறோம். ஏழு மணி வரை என்றால் என்னையே இருக்கச் சொல்லக் கூடாது, என் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. மாலைக்கென்று ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் தனியாக வேண்டும், அவர்களுக்கு மதிப்பூதியம் என்று இல்லாமல் சம்பளம் வேண்டும். ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசிக்கும், பாலும் சுண்டலும் கொடுக்க இன்னொரு சிலிண்டர் ஆகும். கொசுவலை அடித்த ஜன்னல் வேண்டும். மழை நாளில் அம்மா வரத் தாமதமானால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று சுவரில் எழுதியிருக்க வேண்டும். அப்புறம், பூட்டுச் சாவி இரண்டாவதாக ஒன்று. இப்போது இருப்பது ஒன்றுதான், அது என்னிடம் இருக்கிறது.